கனகாம்பரத்தின் குரல்

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. மே மாதக் கடைசியில் மாதா கோயில் திருவிழா. சப்பரம் கிளம்புவதற்கு முன்னால், வெயில் தாழ்ந்ததும், கோயில் திடலில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். பக்தி நாடகம் அல்ல. அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பெரியவர்கள் போடுவது. பிள்ளைகள் போடுவது சிரிப்பு நாடகம். கள்ளன், புதையல், துரத்தல், கப்பல் எல்லாம் அதில் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூருக்கும் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் பிழைக்கப் போன குடும்பங்கள் எல்லாம் திருவிழாவுக்கு வந்துவிடும். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் மேடையில் வாயைத் திறந்து பேசியாக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சும்மா நிற்க வைத்தால் அந்த வீட்டார் அடுத்த திருவிழா வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் பேசி முடிக்க அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

எழுதுவது நான். பெயர் சார்லஸ். கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தவக்காலம் முடிந்ததும் பெற்றவர்கள் வேஷம் கேட்டுக் கடைக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். இந்த வருஷம் முதலில் வந்தது லாரி ஓட்டும் உதயசூரியன்.

"ஏங்க சார்லஸு, போன வருசம் எம் மகனுக்குப் பேசுற கல்லு. அதுக்கு முந்தின வருசம் பேசுற மரம். இந்த வருசமாச்சும் உசுருள்ளதா ஒண்ணு குடுங்க."

"கழுதை இருக்கு."

"எத்தனை வசனம்?"

"நாலு. ஒரு உதையும் இருக்கு."

"யாரை உதைக்குது?"

"இன்ஸ்பெக்டரை."

"அப்பச் சரி," என்று திருப்தியாகப் போனார்.

பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய ஆள் உண்டு. அது வில்லி. அந்த வேஷம் எப்போதும் என் மனைவி ஜெயராணிக்கு. நல்ல உயரம், கரகரத்த குரல். "எவண்டா அவன்" என்று அவள் இழுத்தால் கடைசி வரிசையில் மடியில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். அழுகிற குழந்தையைப் பார்த்து அவளே மேடையிலிருந்து கண்ணடிப்பாள். பிள்ளைகள் அவளுக்காகவே ஒத்திகைக்கு வந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் குவைத்துக்குப் போனாள். திருச்சியில் நர்ஸாக இருந்தவள். அங்கே ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கிற வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீடு கட்டத்தான் போனாள். முதல் ஒப்பந்தம் முடிவதற்குள் வீடு கட்டியாயிற்று. மழைக்காலத்தில் லீவில் வந்து, புது வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், ஒரு மாத லீவில் சண்டைக்கு எங்கே நாள் என்று இருந்துவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நான் ஒருவன். சோறு வடிக்கும்போது "உப்பு பத்தல" என்று அவள் குரலில் நானே சொல்லிக்கொள்வேன். "பத்தும் பத்தும்" என்று என் குரலில் பதில் சொல்வேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு நிலைக்கதவைச் சாத்தும்போது, கொடியில் துணியை மறந்துவிட்டு வரும்போது, எல்லாவற்றுக்கும் அவள் குரல் வந்துவிட்டது.

அதை நாடகத்திலும் பயன்படுத்திக்கொண்டேன். அவள் இல்லாத முதல் வருஷம் வில்லியைக் குகைக்குள் அடைத்து, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வருகிற மாதிரி எழுதினேன். அடுத்த வருஷம் வில்லி போனில் மட்டும் பேசினாள். மூன்றாம் வருஷம் ரேடியோவில். பிள்ளைகள் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்காகப் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நான் எப்போதும் நிற்பேன். அங்கேயே ஒரு மைக்கை வைத்து மைக்செட் குழந்தைசாமி வில்லியின் குரலையும் என்னையே பேச வைத்தார்.

"ஒங்க வீட்டம்மாவுக்கு டிக்கெட்டு செலவே இல்லாம பண்ணிட்டீங்களேப்பா," என்றார் குழந்தைசாமி. "பின்னாடி ஒக்காந்திருந்த சனம் ராணி வந்துருச்சுன்னே நெனைச்சிருச்சு. ஒருத்தி எந்திரிச்சுப் பாக்க வாரா."

இந்த வருஷம் அவள் மே மாதத்தில் வருவதாகச் சொன்னாள். திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடுவேன், வேஷம் கட்டுகிறேன் என்றாள். இரண்டாவது ஒப்பந்தம் முடிந்திருந்தது.

"அதோட வந்துருறியா, இல்ல திரும்பவும் போவியா?" என்று கேட்டேன்.

"வந்து பேசிக்குவோம்ங்க," என்றாள்.

அந்த 'பேசிக்குவோம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாடகத்தை எழுதினேன். 'பீரங்கியைக் காணோம்' என்று பெயர். திருமயம் கோட்டை மேலிருக்கும் பீரங்கியைச் சில கள்ளர்கள் உருட்டிக்கொண்டு போய் லோடு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டுமாவடிக் கடற்கரையில் கப்பக்காரக் கனகாம்பரம் என்று ஒருத்தி. ஊர் ஊராகக் கப்பல் ஓட்டிப் பழகியவள். ஒரு கரையில் நிற்க மாட்டாள். பீரங்கியை அவளுக்கு விற்கத்தான் கொண்டுபோகிறார்கள். ஐந்து பிள்ளைகளும் ஒரு கழுதையும் துரத்துகிறார்கள். கடைசியில் கள்ளர்கள் ஓடிவிட, பிள்ளைகள் கனகாம்பரத்தைக் கேட்கிறார்கள்: "கப்பல் நிக்குது. போறீங்களா, எங்களோட இருக்கீங்களா?" அதற்கு அவள், "எங்கிட்டும் போகலடா. கப்பலை வித்துட்டு இங்கிட்டே ஒரு இட்லிக் கடை போட்டுர்றேன்," என்று சொல்ல வேண்டும்.

அந்த வசனத்தைத்தான் முதலில் எழுதினேன். பீரங்கி, கழுதை, கட்டுமாவடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. திடலில், ஊரே கேட்கிற மாதிரி அவள் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு வீட்டில் சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒத்திகையில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நீல நாற்காலியைப் போட்டேன். பிள்ளைகள் நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும். பதிலை நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து சொல்வேன். ஜெயராணியின் வசனங்களைப் போனில் அனுப்பியிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் பேசிப் பதிவு செய்து திருப்பி அனுப்பினாள். அந்த வயதான அம்மா பக்கத்து அறையில் தூங்குவதால் குளியலறைக்குள் நின்று மெதுவாகப் பேசியிருந்தாள். ஒரு நாள் அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டராக நடிக்கும் மோகனப்ரியா முகத்தைச் சுளித்தாள். ஏழாவது படிப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, இது ராணி அத்தை மாதிரியே இல்ல. நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. நீங்க பேசுறதுதான் ராணி அத்தை."

"அத்தை இங்க வந்து பேசுனா சரியாயிரும்."

"வரட்டும். அதுவரைக்கும் நீங்களே பேசுங்க."

அப்படியே ஆயிற்று. பிள்ளைகளுக்கு விவரம் அதிகம். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு யார் நாற்காலியைப் பார்ப்பார்கள். முதல் வாரத்திலேயே எல்லாக் கண்ணும் படுதாப் பக்கம் திரும்பிவிட்டது. நான் கவனித்தேன். அவள் வந்து நின்றால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் என்று விட்டுவிட்டேன்.

டிக்கெட் மாறிப்போய், நாடகத்தன்று காலையில்தான் அவள் திருச்சியில் இறங்கினாள். முடியைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். கார் மாத்தூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன ராணி, பேச மாட்டேங்கிற?"

"பேசாம இருந்து பழகிப்போச்சுங்க. அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது, எனக்கு அவுக பாஷை அரைகொறை. கையைக் காட்டுனாப் போதும்."

"வசனமெல்லாம் இருக்கா?"

"இருக்கு. கடைசி சீன் மட்டும் நிக்க மாட்டேங்குது."

அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "மறுபடியும் கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

டிரைவரின் முதுகைப் பார்த்தாள். "நாடகம் முடியட்டும்ங்க," என்றாள்.

சாயங்காலம் திடல் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் பைப்பில் செய்து கருப்பு அடித்த பீரங்கிக்கே ஒரு கைத்தட்டு விழுந்தது. உதயசூரியன் மகன் கழுதை முகமூடியோடு தன் நாலு வசனத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, உதைக்க மறந்து, உள்ளே போனவன் திரும்பி ஓடிவந்து இன்ஸ்பெக்டரை உதைத்தான். சனம் குலுங்கிச் சிரித்தது.

பிறகு சக்கரம் வைத்த கட்டிலைக் கப்பலாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் கூலிங் கிளாஸ், தலையில் துண்டு முண்டாசு, இடுப்பில் ஏற்றிச் செருகிய சேலையோடு ஜெயராணி நின்றாள். விசில் பறந்தது. "யேய் ராணி" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவள் கையை இடுப்பில் வைத்தாள்.

"எவண்டா அது, என் கடல்ல எச்சித் துப்புனவன்?"

பயந்து நடுங்க வேண்டியவன் மெல்வின், மூன்றாம் வகுப்பு. நன்றாகத்தான் நடுங்கினான். ஆனால் அவளைப் பார்த்து நடுங்கவில்லை. படுதாவைப் பார்த்து, எனக்கு நேரே கைகூப்பி நடுங்கினான். ஏனென்றால் அந்த வசனத்தை நானும் பேசியிருந்தேன். பேசினேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனை நாள் ஒத்திகை, அதற்கு முன்னால் மூன்று வருஷம்; அந்த இடம் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மைக்கும் போட்டிருந்தது. இரண்டு குரல்களும் ஒன்றாக ஸ்பீக்கர் பெட்டியில் போய் இடித்தன. என்னுடையதுதான் கனமாக இருந்தது.

சனம் ஆரவாரித்தது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். ஜெயராணி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தாள்.

அடுத்த வசனத்துக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேசினாள். குளியலறைக்குள் பேசிய அதே குரல். பாதித் திடலுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் யாரும் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோகனப்ரியா லத்தியைச் சுழற்றுகிற சாக்கில் படுதாப் பக்கம் வந்தாள்.

"மாமா, பேசுங்க. எல்லாரும் நிக்குறோம்ல."

பேசினேன். உடனே பிள்ளைகளுக்கு உயிர் வந்துவிட்டது. ஜெயராணி ஒரு கணம் நின்றாள். பிறகு என் பேச்சுக்கு வாயை அசைக்கத் தொடங்கினாள்.

அதற்குப்பின் நாடகம் முழுக்க அப்படித்தான் நடந்தது. உடம்பு அவளுடையது, குரல் என்னுடையது. அவள் சும்மா அசைக்கவில்லை. நான் பேசி முடித்த பிறகும் வாயை அசைத்துக்கொண்டே இருப்பாள். குரல் வரவில்லை என்று தொண்டையைத் தட்டிப் பார்ப்பாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொண்டு யார் பேசுவது என்று சுற்றுமுற்றும் தேடுவாள். குழந்தைசாமி மைக்செட் மேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிரித்த திடலை நான் பார்த்ததில்லை. படுதாவுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. நான் அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. கள்ளர்கள் ஓடினார்கள். பிள்ளைகள் எல்லாரும் மேடையில் வந்து அரைவட்டமாக நின்றார்கள். கட்டில் கப்பல் ஒரு பக்கம். மோகனப்ரியா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:

"கப்பல் நிக்குது. போறீங்களா, எங்களோட இருக்கீங்களா?"

ஜெயராணி சனத்துக்குப் பக்கவாட்டாகத் திரும்பினாள். எனக்கு நேரே. கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். வாயை மூடியிருந்தாள். சிரிப்புக்காக மூடியது இல்லை என்று தெரிந்தது. தலையை லேசாக, பிள்ளைகளுக்குத் தெரியாத அளவுக்கு, ஆட்டினாள். சொல்லாதீங்க என்பதா, இல்லை என்பதா, எதுவாக இருந்தாலும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் பேசவில்லை. மோகனப்ரியா இன்னொரு தடவை, சத்தமாகக் கேட்டாள். பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மெல்வினுக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி இருந்தது. 'எனக்கு ரெண்டு இட்லி' என்று அவன் சொல்வதோடுதான் நாடகம் முடியும். அவன் அப்பன் அதற்காகவே ஓசூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். மெல்வின் என்னைப் பார்த்தபடி, வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எங்கிட்டும் போகலடா," என்றேன் அவள் குரலில். "கப்பலை வித்துட்டு இங்கிட்டே ஒரு இட்லிக் கடை போட்டுர்றேன்."

பிசிறில்லாமல் வந்தது. கடைசியில் அவள் சிரிக்கும் சிரிப்பும் வந்தது. ஜெயராணியின் உதடு அசையவில்லை. மெல்வின் தன் இட்லியைக் கேட்டுவிட்டான். வாயையே திறக்காமல் பேசிவிட்டாள் பார் என்று சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் திரும்பி எல்லாருக்கும் கும்பிடு போட்டாள்.

சப்பரத்தோடு நடந்து போனபோது ஆள் மாற்றி ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இட்லிக் கடை எப்பத் தெறக்குற?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்தாள். நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன்.

மறுநாள் காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றாள். டீத்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஜூன் கடைசியில டிக்கெட்டுங்க," என்றாள். "கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன். போன்ல சொல்ல வாய் வரல."

"தெரியும்."

"நேத்தேவா?"

"நேத்துத்தான்."

பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சிறுசாக்கினாள்.

"எதுக்கு ராணி? வீடு முடிஞ்சிருச்சு. வேற என்ன வேணும் நமக்கு?"

"வேணும்னு ஒண்ணும் இல்ல." கரண்டியால் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "அந்தம்மா நான் ஊட்டுனாத்தான் வாயத் தெறக்குது. மகளுக வந்தாலும் தெறக்க மாட்டேங்குது. நேத்து மேடையில ரெண்டு வசனத்துக்கு மேல நான் பேசல. ஒருத்தருக்கும் கொறையாத் தெரியல பாத்தீங்களா. கோவமெல்லாம் இல்லைங்க. சிரிப்பாத்தான் இருந்துச்சு."

"பிள்ளைகளுக்குப் பழகிருச்சு."

"ஒங்களுக்கும்."

டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். தன்னுடையதில் சீனி போடவில்லை. அவள் சீனி போடாமல் குடிப்பாள் என்பது எனக்குத் தெரியாது.

"எங்க, எம் மாதிரி பேசுங்க பாப்போம்," என்றாள். "மறைவுல இல்லாம, நேரா."

"என்ன பேச?"

"வீட்டுல பேசுவீங்களாம்ல. கொழந்தைசாமியண்ணன் சொன்னாரு, ஒரு நாள் கூப்பிட வந்துட்டு, ஆளு இருக்கு போலன்னு வாசல்லயே நின்னாராம். அதப் பேசுங்க."

தொண்டையைச் செருமினேன். உப்பு பத்தல என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். அவள் என் கண்ணெதிரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், காது ஓரத்தில் நாலைந்து நரை. அவள் குரல் வரவே இல்லை.

"சரி விடுங்க," என்றாள். "நானே பேசுறேன்."

அடுப்படித் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னாள். நாலு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால்தான் அது கஞ்சி குடிக்கும் என்றாள். மணல் காற்று அடிக்கிற நாளில் கதவைத் திறக்க முடியாது. அன்றைக்கு மட்டும் தமிழில் எதையாவது பேசிக்கொண்டே ஊட்டினால் குடித்துவிடுமாம். பேச ஒன்றும் இல்லாத நாளில் நான் அனுப்பிய வசனங்களைச் சொல்வாளாம். அந்த அம்மா கனகாம்பரத்தைக் கேட்டால் சிரிக்குமாம். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கரகரப்பே இல்லை. பக்கத்தில் யாரோ தூங்குவது போன்ற குரல். இடையில் ஒரு தடவை அவள் வார்த்தைக்குத் தடுமாறியபோது எடுத்துக் கொடுக்க என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். அவளே தேடிக் கண்டுபிடித்து, மேலே சொன்னாள்.